கேபிள் 2.5 போதுமா?

கேள்வி: மீட்டரிலிருந்து 250 மீட்டர் தள்ளி கிணறு. 5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் கேபிள் போதுமா? 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) எர்த் பைப்பும் இருக்கும்போது ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) எதற்கு? – வாசகர், பல்லடம்

பதில்: உங்கள் மோட்டார் இழுக்கும் சுமார் 8.5 ஆம்பியரை 2.5 கேபிள் தாங்கும். ஆனால் இவ்வளவு தூரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். சூடான நிலையில் அதன் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு சுமார் 8.9 ஓம். 1.732 × 8.5 × 8.9 × 0.25 × 0.8 என்று பெருக்கினால் (1.732 மூன்று ஃபேஸுக்கான எண், 0.25 கிலோமீட்டரில் தூரம், 0.8 மோட்டாரின் பவர் ஃபேக்டர்) 26 வோல்ட் இழப்பு, அதாவது 415-ல் 6 சதவீதத்துக்கும் மேல். ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் மோசம். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 16 வோல்ட், 6 போட்டால் 11. லைனிலேயே வோல்டேஜ் குறைவான ஊரென்றால் தயங்காமல் 6 வாங்குங்கள்.

எர்த் விஷயம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் எர்த் 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் மோட்டார் பாடியில் பட்டால் 230 ÷ 10, அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழவே விழாது. பாடியில் 115 வோல்ட் வரை நின்றுகொண்டே இருக்கும். ஈரத்தரையில் நின்று தொட்டால் ஆபத்து. ஆகவே ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் போடுங்கள். நாலு போல் (மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் இணைக்கும்) ஆர்.சி.சி.பி.யில் நியூட்ரல் கொடுக்காவிட்டால் பல மாடல்களில் டெஸ்ட் பட்டன் வேலை செய்யாது. நியூட்ரலையும் கொடுத்து, மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு நியூட்ரலை எர்த்தோடு எங்கும் சேர்க்கக் கூடாது.