வீடு மாறினால் குணமும் மாறுமா?

கேள்வி: கும்பகோணத்தில் சொந்த வீட்டில் பதினான்கு வருடம் இருந்தோம். கணவரின் வேலை மாற்றத்தால் குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் அடுக்ககத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். வந்ததிலிருந்து சரியான தூக்கம் இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் மகனிடம் எரிந்து விழுகிறேன். மதியம் ஆனால் மிக்சர் டப்பா காலியாகிறது. ஏழாவது படிக்கும் மகன் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். கணவரிடம் சொன்னால், "எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையே, எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்கிறார். சுவருக்கு நீல நிறம் அடித்தால் மனம் அமைதியாகும், சின்னத் தட்டில் சாப்பிட்டால் அளவு குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. செய்யலாமா? இல்லை, என்னிடம்தான் கோளாறா? வீட்டின் மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: பெயின்ட் டப்பாவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கோளாறு யாரிடம் என்ற கேள்வியும் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் படங்களைப் பார்ப்போம். உங்கள் கடிதம் சொல்லாததையும் அவை சொல்கின்றன.

முதல் படம் சாப்பாட்டு மேசை. லேப்டாப், அதன் பக்கத்தில் பாதி நறுக்கிய பீன்ஸ், பையனின் ஜியாமெட்ரி பாக்ஸ், பிரஷர் மாத்திரை அட்டை, மின்கட்டண ரசீது, வலது கைக்கு எட்டும் தூரத்தில் கண்ணாடி ஜாடியில் மிக்சர். இரண்டாவது படத்தில் கட்டில். தலையணை மேல் ஃபைல்கள், போர்வைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் சார்ஜர் ஒயர். கணவர் மேசையைப் பிடித்துக்கொள்ளும் நாட்களில் நீங்கள் கட்டிலுக்குப் போய்விடுகிறீர்கள் என்று புரிகிறது. மூன்றாவது, படுக்கையறை ஜன்னல். வெளியே பக்கத்து பிளாக்கின் பூசாத செங்கல் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது.

இப்போது கும்பகோணத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்தபோது உங்களுக்குப் பொறுமையும் கட்டுப்பாடும் அதிகம் என்று உங்களுக்கே ஒரு எண்ணம் இருக்கும். அதில் பாதியை அந்த வீடு பார்த்துக்கொண்டது என்பேன். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் தூக்கம் முடிந்தது. இலையை மடித்தால் சாப்பாடு முடிந்தது. சாயங்காலம் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஒவ்வொன்றும் முடிந்தது என்று உடம்புக்குச் சொல்ல அங்கே ஏதாவது ஒரு பொருளோ இடமோ இருந்தது. இங்கே பீன்ஸ் நறுக்கும்போது மின்னஞ்சல் கண்ணில் படுகிறது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது மிக்சர் கண்ணில் படுகிறது.

இது வெறும் ஏக்கப் பேச்சு இல்லை. பழக்கங்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட், 2002-இல் ஒரு வேலை செய்தார். மணிக்கொரு முறை, அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று குறிப்பெழுதச் சொல்லி ஆட்களைக் கேட்டார். செய்த காரியங்களில் சுமார் 43 சதவீதம், ஏறக்குறைய தினமும் அதே இடத்தில் செய்பவை. பெரும்பாலும் வேறு எதையோ யோசித்தபடியே செய்பவை. இடம் கையை இயக்குகிறது, மனம் பின்னால் வந்து சேர்கிறது. அதனால் மிக்சரை எதிர்த்து மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜாடியை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, சமையலறை லாஃப்டில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் என்ற உயரத்தில் வையுங்கள். ஆசை வரத்தான் செய்யும். ஸ்டூலை இழுக்கும் அந்த அரை நிமிடத்தில் பல நாள் அது போயும் விடும்.

சின்னத் தட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே அளவு சோறு பெரிய தட்டில் குறைவாகவும் சின்னத் தட்டில் நிறைவாகவும் தெரிவது உண்மைதான். கண்ணின் அந்த ஏமாற்றத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்துவிட்டார்கள். ஆனால் கண் ஏமாந்தால் வயிறும் ஏமாறுமா என்பதில்தான் சிக்கல். இந்த ஆலோசனையை உலகம் முழுக்கப் பரப்பியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். 2018-இல் அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றைப் பத்திரிகைகளே திரும்பப் பெற்றன, அவரும் பதவி விலக நேர்ந்தது. வீட்டில் இருக்கிற தட்டிலேயே சாப்பிடுங்கள்.

நீல நிறம், அதாவது சுவரின் நிறம் மனதை மாற்றும் என்பதும் அப்படித்தான். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், கடற்படைச் சிறை ஒன்றில் அறைக்கு ஒருவித இளஞ்சிவப்பு அடித்து, கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்றார்கள். அந்த வண்ணம் பல சிறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2015-இல் ஸ்விட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சுவருக்கு அடிக்கத்தான் வேண்டும் என்றால் வெளிர் நிறமாக அடியுங்கள். காரணம் மனம் இல்லை, வெளிச்சம். அந்த ஜன்னல் வழியாக வருகிற கொஞ்ச வெளிச்சத்தையாவது சுவர் திருப்பித் தரட்டும்.

தூக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கிறது என்று நினைக்கிறேன். தூங்காத ஆளுக்குப் பசியும் கோபமும் இரண்டும் கூடும்.

1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் தூக்கமின்மைக்கு ஒரு எளிய முறையைச் சொன்னார். இன்றும் நாங்கள் மாத்திரைக்கு முன்பு அதைத்தான் சொல்கிறோம். கட்டில் தூங்குவதற்கு மட்டும். தூக்கம் வந்த பிறகே படுக்க வேண்டும். சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். கண் சொருகினால் திரும்பி வரலாம். காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், மதியத் தூக்கம் கூடாது. படுக்கையில் புரண்டு புரண்டு, கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. அதை மறக்கடிப்பதுதான் வைத்தியம். முதல் வாரம் இன்னும் மோசமாகத் தெரியும், விட்டுவிடாதீர்கள்.

இரண்டு படுக்கையறை வீட்டில் வேலைக்குத் தனி அறை கிடைக்காது. பரவாயில்லை, பாயின் தந்திரத்தைக் கடன் வாங்குங்கள். கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை இன்றே நிறுத்திவிட்டு, ஹாலில் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மடக்கு மேசை போதும். வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, மேசையை மடித்துச் சுவரில் சாய்த்துவிடுங்கள். இந்த மடிப்பதுதான் முக்கியம். என் வீட்டில் சில வருடம் சோம்பேறித்தனமாக மேசையை விரித்தே வைத்திருந்தேன். ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவன் மறுநாள் வேலைக்கான காகிதத்தைப் புரட்டிவிட்டுப் போவேன். மருந்து எனக்கே தெரியும், குடிக்கத்தான் இல்லை.

அடுத்து, காலை வெளிச்சம். வீட்டுக்குள் டியூப்லைட் எரிந்தாலும் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கூட இருக்காது. மேகமூட்டமான காலையிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். இது பகல் என்று மூளைக் கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் தனி உயிரணுக்கள் விழித்திரையில் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த அளவு வெளிச்சம் வேண்டும். கும்பகோணத்தில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட இருபது நிமிடத்தில் இது தானாகவே நடந்துகொண்டிருந்தது. இங்கே காலை காபியை மொட்டை மாடியில் குடியுங்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இந்தக் கடிதத்துக்கு நான் தரும் பதிலில் செலவே இல்லாதது இதுதான்.

செங்கல் சுவரைப் பார்க்கும்போது ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வந்தது. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். சிலருக்கு ஜன்னல் வழியே மரங்கள், சிலருக்குப் பழுப்பு நிறச் செங்கல் சுவர். வயது, பாலினம் எல்லாம் பொருத்தி 23 ஜோடிகளாக ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரே மருத்துவமனை, 46 பேர், அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் ஜன்னல் கம்பியில் மணி பிளான்ட் கொடி இரண்டைப் படர விடுவதற்கு அந்த அளவு ஆதாரம் எனக்குப் போதும்.

சத்தத்துக்கு வருகிறேன், உங்கள் கணவருக்கும் சேர்த்து. சத்தத்தை உணர்வதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, அது பெரும்பாலும் மாறாத இயல்பு. அவருக்குக் கேட்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். உங்களுக்குக் கேட்கிறது என்பதும் உண்மை. அதோடு, அவர் பகலில் அலுவலகம் போய்விடுகிறார். மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தமும், தண்ணீர் மோட்டாரும், மின்சார ரயிலும் நாள் முழுக்க உங்களுக்குத்தான்.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்களை உட்காரவைத்துக் காதைக் கிழிக்கும் சத்தத்தை விட்டுவிட்டுக் கேட்கவைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒரு பொத்தானைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அதை அழுத்திச் சத்தத்தை நிறுத்தலாம், அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனால் அதன் பிறகு கொடுத்த புதிர்களில், பொத்தான் இல்லாதவர்களைவிட அதிக நேரம் பொறுமையாக முயன்றார்கள். கேட்ட சத்தம் இரு பக்கமும் ஒன்றுதான். அதேபோல, எப்போது வரும் என்று தெரிந்த சத்தத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் ஆளை அதிகம் தேய்த்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு பொத்தான் வேண்டும். அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் மோட்டார் போடும் நேரத்தை நிச்சயம் செய்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சண்டைக்குப் போகாமல் அதை மெதுவாக நினைவூட்டலாம். மேல் வீட்டு அம்மாவிடம் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் வாங்கிக் கொடுங்கள், ஒரு டம்ளர் பாயசத்தோடு. முகம் தெரிந்தவர் போடும் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். டெசிபல் மீட்டரில் அல்ல, காதில். ரயிலை நிறுத்த முடியாது. ஆனால் இரவு தாம்பரம் பக்கம் போகும் வண்டிகளில் ஒன்று உழவன் எக்ஸ்பிரஸ், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போவது. எந்தச் சத்தம் அதனுடையது என்று தெரிந்த பிறகு அது உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள்.

மகன் விஷயத்தில் தாமதிக்க வேண்டாம். நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975-இல் ஆராய்ந்தார். ஆறாம் வகுப்பில், ரயில் பக்கத்து வகுப்பறைக் குழந்தைகள் மறுபக்கத்துக் குழந்தைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பாதையில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் வைத்த பிறகு, அந்த வித்தியாசம் மறைந்துபோனது. பையனைத் திட்டுவதை விட்டுவிட்டு அவன் மேசையைப் பாதைக்கு எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள். அலமாரியைப் பாதைப் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

மேசைமேல் பரந்து கிடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாஸ் ஏஞ்சலஸில் வேலைக்குப் போகும் தம்பதியரைத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளிவந்தது. வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, வேலை முடியவில்லை என்று பேசிய மனைவிகளுக்கு, மாலைக்குள் நன்றாகக் குறைய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு சரியாகக் குறையவில்லை. கணவர்களிடம் அது அப்படித் தெரியவில்லை. என் வாசிப்பு இது: அவருக்கு அது வெறும் ரசீது, உங்களுக்கு அது இன்னும் கட்டாத பில். ஆகவே மேசையை ஒழிப்பதை உங்கள் வேலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது அவருக்கும் பையனுக்கும்.

இதையெல்லாம் இப்போதே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடு மாறிய குடும்பங்களை இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, புதுப் பழக்கங்கள் எளிதாக ஒட்டிக்கொள்வது மாறிய முதல் மூன்று மாதத்துக்குள் என்று கண்டார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

இத்தனை செய்தும் தூக்கம் திரும்பாவிட்டால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மேசை நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. இரண்டாவது படத்தில் ஜன்னலை ஒட்டியிருக்கும் பூப்போட்ட தலையணை உங்களுடையது என்று நினைக்கிறேன். இன்றிரவு மட்டும் உங்கள் கணவரை அந்தப் பக்கம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.