பூட்டன் பேரு தெரியலையா தம்பி?

கேள்வி: "எனக்கு வயசு 34, பெங்களூர்ல ஐடி வேலை, சொந்த ஊர் ஈரோடு பக்கம். ரெண்டு வருஷமா ராத்திரி தூக்கமே இல்ல. விண்வெளி வீடியோவா பாத்துட்டு ஒரே யோசனை. சூரியன் அணையும், நட்சத்திரம் எல்லாம் அணையும், மனுஷன்னு ஒருத்தன் இருந்ததுக்கு சாட்சி கூட மிஞ்சாது. மனைவி குழந்தை வேணும்னு கேக்கறா, அழியப் போற இனத்துக்கு இன்னொரு ஆள் எதுக்குன்னு சொன்னேன், அதுல இருந்து சரியா பேசறதில்ல. போன ஆடி அமாவாசைக்கு அம்மா வற்புறுத்தி பவானி கூடுதுறைக்கு கூட்டிட்டுப் போனாங்க, அப்பாவுக்கு தர்ப்பணம். ஐயர் மூணு தலைமுறை பேரு கேட்டார், கொள்ளுத்தாத்தா பேரு எனக்குத் தெரியல, அவரும் பரவாயில்லைன்னு எதையோ சொல்லி முடிச்சுட்டார். அதெல்லாம் சும்மா சடங்குதானே. மனித இனம் இந்தப் பிரபஞ்சத்துல நிரந்தரமா பிழைக்க வழி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

பதில்: தம்பி, கேட்டதுக்கு முதல்ல பதில சொல்லிடறேன். இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும் வழி இல்ல. சூரியன் வீங்கிச் சாகறதுக்கு இன்னும் 500 கோடி வருஷம் இருக்குன்னு சொல்வாங்க, ஆனா அது வரைக்கும் நமக்கு டைம் கிடையாது, ஏன்னா 100 கோடி வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம்னு அது வெளிச்சம் கூடிட்டே போகுது, இன்னும் ஒரு 100 கோடி வருஷம் போனாலே இங்க கடல் தாங்காது. வேற நட்சத்திரத்துக்குப் போயிடலாம்னா, 1977ல கிளம்பின வாயேஜர் 1ங்கற விண்கலம் செகண்டுக்கு 17 கிலோமீட்டர் போகுது, அந்த வேகத்துல நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற நட்சத்திரத்துக்குப் போய்ச் சேரவே 70,000 வருஷத்துக்கு மேல ஆகும். சரி, எப்படியோ போயிட்டோம்னே வைங்க, ஒரு கோடி கோடி வருஷத்துல புதுசா நட்சத்திரம் பிறக்கறதே நின்னுடும். அதுக்கும் ஒரு இயற்பியல் விஞ்ஞானி கணக்கு போட்டுப் பாத்தார், ஃப்ரீமேன் டைசன்னு பேரு, 1979ல. பிரபஞ்சம் குளிரக் குளிர உயிரும் நிதானமாகி, கொஞ்சம் முழிச்சு ரொம்பத் தூங்கி, கையில இருக்கற சக்திய சிக்கனமா செலவு பண்ணிக்கிட்டா முடிவே இல்லாம இருந்துட்டுப் போலாம்னார். 1998ல பிரபஞ்சம் விரியற வேகம் கூடிட்டே போகுதுன்னு தெரிஞ்சுது, கொஞ்ச நாள்லயே லாரன்ஸ் கிராஸ், கிளென் ஸ்டார்க்மன்னு ரெண்டு பேர் அந்தக் கணக்கு நிக்காதுன்னு எழுதிட்டாங்க. இப்போ 2024, 2025ல டெசிங்கற வானியல் ஆய்வு அந்த விரிய வைக்கற சக்தி குறைஞ்சுட்டு வரலாம்னு ஜாடை காட்டியிருக்கு, உறுதியாகல. நிலவரம் இவ்வளவுதான்.

இதே கேள்விய எத்தனையோ பேர் எழுதிட்டாங்க, வாசகம் மட்டும்தான் மாறும். உங்க லெட்டர்ல என்ன நிறுத்தினது வேற ஒரு வரி. கொள்ளுத்தாத்தா பேரு தெரியலன்னு எழுதிட்டு நீங்க பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க, என்னால போக முடியல.

மனுஷன் இருந்ததுக்கு சாட்சி மிஞ்சாதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கற ஆள், தண்ணியில நின்னுக்கிட்டு, கையில எள்ள வச்சுக்கிட்டு, நூறு வருஷம் முன்னாடி இருந்த சொந்தப் பூட்டனுக்கு சாட்சி சொல்லுப்பான்னா தெரியலங்கறீங்க. சரி, அன்னைக்குத் தெரியல. பக்கத்துலயே அம்மா நின்னாங்களே, திரும்பி அம்மா அவர் பேரு என்னன்னு கேக்கலையா? வீட்டுக்கு வந்து கேட்டீங்களா? இத்தனை மாசம் ஆச்சு. கேட்டிருந்தா லெட்டர்ல எழுதியிருப்பீங்க.

சும்மா சடங்குன்னு சொல்றீங்க. சாஸ்திரம் பேச நான் வரல, ஆனா அது என்ன கேக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, மூணு தலைமுறை. அதுக்கு மேல பேரு சொல்லிக் கேக்கறதில்ல. நீங்க பேரு மறக்காம இருக்க வேண்டியது மூணு தலைமுறைக்கு, உங்க பேர மறக்காம இருக்க வேண்டியவங்களும் மூணு தலைமுறை. ஒரு மனுஷனால தூக்க முடிஞ்ச சுமை எவ்வளவுன்னு தெரிஞ்ச யாரோதான் அந்த அளவ வச்சிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். கோடி கோடி வருஷத்த உங்க தலையில யாரும் வைக்கல தம்பி, நீங்களா எடுத்து வச்சுக்கிட்டீங்க, தூக்கச் சொன்ன மூணுல ஒண்ண கீழ போட்டுட்டு.

அந்தப் பூட்டன் யாருன்னு தெரியுமா? உங்க வயச வச்சுப் பாத்தா 1900 ஒட்டிப் பிறந்திருப்பார். 1918ல விஷக்காய்ச்சல் வந்தப்போ விடலைப் பையன். இந்தியாவுல மட்டும் 1 கோடிக்கு மேல செத்தாங்க, அதுவும் பாதிக்கு மேல சில மாசத்துல. அவரோட தாத்தா பாட்டி 1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சத்துல மாட்டினவங்க. அப்போ யாரோ ஒரு அம்மா இருந்த கஞ்சிய தான் குடிக்காம புள்ளைக்கு ஊத்தியிருப்பா, அந்தப் புள்ளையோட வம்சத்துல ஒருத்தர் பெங்களூர்ல ஏசி ரூம்ல படுத்துக்கிட்டு மனித இனம் பிழைக்குமான்னு என்கிட்ட கேக்கறார். இப்படித்தான் பிழைச்சுது. இன்னும் பின்னாடி போங்க, 74,000 வருஷம் முன்னாடி சுமத்ராவுல டோபா எரிமலை வெடிச்சு சாம்பல் ஆந்திரா வரைக்கும் வந்து விழுந்துச்சு, கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்துல தோண்டிப் பாத்தா அந்த சாம்பல் அடுக்குக்குக் கீழயும் கல் கருவி, மேலயும் கல் கருவி. சாம்பல் மழைக்குப் பிறகும் எவனோ உக்காந்து கல்ல செதுக்கியிருக்கான். 2022ல நாசாக்காரங்க டிமார்ஃபோஸ்ங்கற விண்கல்லு மேல ஒரு விண்கலத்த வேணும்னே மோதவிட்டு, அது பக்கத்துல இருக்கற பெரிய கல்ல சுத்தி வர்ற நேரத்துல அரை மணிக்கு மேல குறைச்சாங்க, நாளைக்கு ஒரு கல்லு நம்ம பக்கம் வந்தா தள்ளிவிட முடியுமான்னு பாக்கத்தான். அவங்க முறைக்கு வந்த வேலைய அவங்க செஞ்சாங்க.

உங்க முறைக்கு வந்தத மட்டும் ஏன் சூரியன் மேல தள்றீங்க? குழந்தை வேண்டாம்னா வேண்டாம், நேரா முகத்தப் பாத்துச் சொல்லுங்க, பயமா இருக்கு, பணம் பத்தாது, எனக்கு அப்பாவா இருக்கத் தெரியாது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு பதில் சொல்லுவா. 500 கோடி வருஷத்த முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினா அவ யார்கிட்ட போய் வாதாடுவா? கட்டிக்கிட்டவ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம வானத்தக் காட்டறது தப்பு. பெரிய தப்பு.

எங்க பாட்டியோட அம்மாவ எங்க வீட்ல எல்லாரும் பெரியாத்தான்னுதான் சொல்வாங்க. நிஜப் பேரு எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். நானும் அடுத்த தடவை, அடுத்த தடவைன்னு கேக்காமயே விட்டேன். அம்மா போய் 11 வருஷம் ஆச்சு, இப்போ அந்தப் பேரச் சொல்ல உலகத்துல ஒரு ஆள் இல்ல. எனக்கு பிரபஞ்சம் அழியறதுன்னா அதுதான் தம்பி, ஆஸ்பத்திரி பெஞ்சுல அம்மா பக்கத்துல ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன், கேக்கணும்னு தோணல.

வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போங்க, மனைவியையும் கூட்டிட்டுப் போங்க. பீரோவுல தாத்தா காலத்துப் பத்திரம் ஏதாவது கிடக்கும், பழைய பத்திரம்னா இன்னார் குமாரர் இன்னார்னு எழுதாம இருக்க மாட்டாங்க, பூட்டன் பேரு அங்க கிடைச்சுடும். பாகப் பத்திரமா இருந்து அவர் கைநாட்டு வச்சவரா இருந்தா அவரோட பெருவிரல் ரேகையே மையோட இருக்கும், உங்க விரல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆனா பூட்டி பேரு பத்திரத்துல கிடைக்கறது கஷ்டம், அந்தக் காலத்துல பொம்பளைங்க பேருல எழுதினது கம்மி. அது உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், மாமியார் சொல்லிக் கேட்டிருப்பாங்க. அம்மாவ உக்கார வச்சு கேளுங்க, ஒரு நோட்டுல எழுதுங்க, எழுதறத உங்க மனைவிகிட்ட குடுங்க. பூட்டன், பூட்டி ரெண்டு பேரோட பேரும் கிடைச்சதும் எனக்கு ஒரு வரி போடுங்க.