இலை மட்டும் தழைக்கும் விஸ்டீரியா: உரம் போதும், கத்திரியை எடுங்கள்

கேள்வி: பந்தலில் விஸ்டீரியா ஏற்றி ஆறு வருடம் ஆகிறது. பந்தலே தெரியாத அளவுக்கு இலை. ஒரு பூங்கொத்துகூட வரவில்லை. செடி வாங்கிய இடத்தில் சத்துக் குறைவு என்று சொல்லி உரம் கொடுத்தார்கள். மூன்று முறை போட்டாயிற்று. அடியோடு வெட்டிவிட்டு வேறு வைக்கலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். முதலில் அந்த உரத்தை நிறுத்துங்கள். விஸ்டீரியா அவரை, பட்டாணி குடும்பத்துக் கொடி. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே அதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்த்துத் தருகின்றன. அதற்கு மேல் நீங்கள் கொட்டும் தழைச்சத்தெல்லாம் இலையாகவும் கொடியாகவும்தான் போகும். பந்தல் நிறைய இலை வைத்திருக்கும் செடிக்குச் சத்துக் குறைவு என்று சொல்லி உரம் விற்பது அநியாயம்.

அடுத்து, அடித்தண்டைப் பாருங்கள். தரையை ஒட்டி, தேவையானால் மண்ணைக் கொஞ்சம் விலக்கி. தண்டு புடைத்தோ கோணியோ ஓர் இணைப்பு தெரிந்தால் அது ஒட்டுச்செடி, அதாவது வேறொரு செடியின் வேர்த்தண்டில் ஒட்டி வளர்த்தது. அதற்குக் கீழிருந்து கிளம்பும் போத்துகளை அவ்வப்போது களைந்துவிடுங்கள். ஒட்டுச்செடி பெரும்பாலும் மூன்று நான்கு வருடத்தில் பூக்கத் தொடங்கும். விதையில் முளைத்தது 10, 15 வருடம் எடுக்கும், 20 ஆனாலும் ஆச்சரியமில்லை. என்னிடம் வரும் 'பூக்கவில்லை' கேள்விகளில் பாதி இங்கேதான் முடிகிறது. விதைச்செடி வளர்க்க மலிவு, ஒட்டுக் கட்ட உழைப்பு வேண்டும். விற்கும்போது இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறார்கள். அட்டையில் பூவின் படம் இருக்கும், நிறம் இருக்கும், ஒட்டா விதையா என்பது மட்டும் இருக்காது. வாங்குபவரின் பத்து வருடத்தைத் தீர்மானிக்கிற விஷயத்தை எழுதாமல் விற்க எப்படி விடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, கவாத்துக்கு, அதாவது கொடியை வெட்டிவிடுவதற்கு வருவோம். வருடத்துக்கு இரண்டு முறை. கோடை நடுவில், பூ பூக்கும் காலம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, சாட்டை போல நீண்டிருக்கும் பச்சைக் கொடிகளை ஐந்தாறு இலை மட்டும் விட்டு வெட்டுங்கள். அப்புறம் குளிர்காலக் கடைசியில், இலை இல்லாதபோது, அதே கொடிகளை இரண்டு மூன்று மொட்டு விட்டு இன்னும் குறுக்குங்கள். கோடை வெட்டால் உள்ளே வெயில் படும், அடிக்கணுக்களில் பூமொட்டு திரளும். குளிர்கால வெட்டுக்கு முன் மொட்டுகளை நிதானமாகப் பாருங்கள்: உருண்டு பருத்தது பூமொட்டு, ஒல்லியாகக் கூர்ந்தது இலைமொட்டு. இதைப் பார்க்காமல் பந்தலை மொட்டையடித்துவிட்டு, பூவையும் சேர்த்து வெட்டி எறிந்தவர்கள் நிறைய.

ஒரு விதிவிலக்கு உண்டு. சீன, ஜப்பானிய வகைகள் முந்தைய வருடக் கொடியில் திரண்ட மொட்டிலிருந்து பூக்கும். அமெரிக்க வகை அப்படியல்ல, அந்த வருடம் துளிர்க்கும் புதுக்கொடியிலேயே பூ வைக்கும். அதனால் குளிர்காலத்தில் அதை ஒட்ட வெட்டினாலும் பூ போகாது. அமெரிக்க வகை வைத்திருக்கும் ஒருவர், "நான் ஒட்ட வெட்டுகிறேன், எனக்குப் பூக்கிறதே" என்பார். அவர் செடிக்கு அது சரி. அதைக் கேட்டு நீங்களும் சீன வகையை அப்படி வெட்டினால் ஒரு வருடப் பூ போய்விடும். உங்கள் கொடி இன்னும் பூக்காததால் எந்த வகை என்று பூவை வைத்துச் சொல்ல வழியில்லை. ஆசிய வகை என்றே எடுத்துக்கொண்டு நான் சொன்னபடி வெட்டுங்கள். அமெரிக்க வகையாகவே இருந்தாலும் அதற்குக் கெடுதல் இல்லை.

தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். கோடை நடுவிலிருந்து இலையுதிர் தொடக்கம் வரை மண் காயக்கூடாது. அடுத்த வருட மொட்டு உருவாவது அப்போதுதான். குளிர்காலமே இல்லாத வெப்பமான இடமாக இருந்தால் ஆசிய வகைகளுக்கு இதெல்லாம் செய்தும் பலன் குறைவுதான்.

இரண்டு வருடம் இப்படிச் செய்து பாருங்கள். அதன் பிறகும் பூ இல்லை, இணைப்பும் தெரியவில்லை என்றால் வேறு வைக்கலாம். அப்போது செடியை அது பூத்து நிற்கும் நாளில் போய், பூவைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.