தீபாவளி ஆஃபரில் 1,20,000 ரூபாய் ஹோம் தியேட்டர்: நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் தனியார் கம்பெனியில் வேலை, வயது 33. கைக்கு வரும் சம்பளம் 62,000. வாடகை, பைக் தவணை, மாதம் 5,000 ரூபாய் ஏலச்சீட்டு (20 மாதம், ஒரு லட்சம், இன்னும் எடுக்கவில்லை) எல்லாம் போக 12,000 மிஞ்சும். எஃப்டியில் 1,75,000 இருக்கிறது, தீபாவளி போனஸ் 45,000 வரும். ஹோம் தியேட்டர் ரொம்ப நாள் ஆசை. ஷோரூமில் 1,20,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், மாதம் 10,000 வீதம் 12 மாதம் நோ காஸ்ட் இஎம்ஐ. ஹால் 10க்கு 14 அடி, டிவி 55 இன்ச், இரண்டாவது மாடி, கீழே ஹவுஸ் ஓனர். சாதாரண சவுண்ட்பார் போதும் என்கிறார் மனைவி. சித்திரைக்குப் பிறகு வீடு கட்ட லோன் போடும் யோசனையும் இருக்கிறது. தவணையில் எடுக்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா, இல்லை சீட்டை எடுத்துவிடலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். ஆனால் ஹோம் தியேட்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஆசைப்பட்டதை வாங்கத்தானே சம்பாதிக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனையே எடுத்துக்கொள்வோம். ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 46,000, ஸ்பீக்கர் செட் 52,000, ஸ்பீக்கர் வயரும் எச்டிஎம்ஐ கேபிளும் 7,500, சுவர் பிராக்கெட்டும் ஃபிட்டிங்கும் 6,000, எக்ஸ்டெண்டட் வாரண்டி 8,500. கடைசி மூன்று வரிகளை மட்டும் கூட்டினால் 22,000 ரூபாய், சத்தமே போடாத பொருளுக்கு! உங்கள் ஹால் அளவுக்கு எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். எச்டிஎம்ஐ கேபிளும் சில நூறு ரூபாயில் நல்லதாகக் கிடைக்கிறது, டிஜிட்டல் சிக்னலுக்கு விலை உயர்ந்த கேபிள் கூடுதல் தெளிவு எதையும் தராது. இந்த 22,000-ஐயும் சேர்த்துத்தான் தவணையாகப் போட்டிருக்கிறார்கள், அதாவது வாரண்டியைக்கூட நீங்கள் கடனில் வாங்குகிறீர்கள்.

அடுத்து இந்த ‘நோ காஸ்ட்’. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது என்னவென்றால், வட்டி அளவுக்குப் பொருளின் விலையில் தள்ளுபடி காட்டி, அந்த வட்டியைத் தவணையில் உங்களிடமே வாங்கிக்கொள்வார்கள். 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் 10,000 வீதம் 12 மாதம் கட்டும்போது அசல் சுமார் 1,10,800, வட்டி 9,200. கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏறக்குறைய 1,650 ரூபாய், ப்ராசஸிங் கட்டணம் வேறு. இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடைக்காரர் அந்த 9,200-ஐ விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்றால் ரொக்கத்துக்கும் விட்டுக்கொடுக்கலாமே? ‘தவணை வேண்டாம், இன்றைக்கே முழுப் பணமும் தருகிறேன், கடைசி விலை என்ன’ என்று கேட்டுப் பாருங்கள். கடையிலேயே ஃபைனான்ஸ் கம்பெனி ஆளை உட்கார வைத்திருந்தால், 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கேஎஃப்எஸ் தாளை (கடனின் முக்கிய விவரங்கள் அடங்கியது) கேட்டு, அதில் ஏபிஆர், அதாவது கட்டணங்களும் சேர்ந்த வருடாந்திர வட்டி, என்ற வரியில் என்ன சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சேல்ஸ்மேன் வாயால் சொல்வதையெல்லாம் விட அந்த ஒரு எண்தான் முக்கியம்.

சரி, இதெல்லாம் சில ஆயிரம் ரூபாய் விஷயம். பெரிய அடி வீட்டுக் கடனில்தான் விழும். சித்திரைக்குப் பிறகு நீங்கள் லோனுக்குப் போகும்போது இந்தத் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் தெரியும். சம்பளத்தில் ஏற்கெனவே எவ்வளவு தவணைக்குப் போகிறது என்று பார்த்துத்தான் வங்கி கடன் தொகையை முடிவு செய்யும். 8.5 சதவீதத்தில் 20 வருடக் கடனுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். அப்படியானால் மாதம் 10,000 என்பது ஏறக்குறைய பதினொன்றரை லட்ச ரூபாய் வீட்டுக் கடனுக்கான தவணை. முடியப்போகிற சின்னக் கடனைச் சில வங்கிகள் கண்டுகொள்ளாமல் விடலாம், அதை நம்பி மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது. தவிர மிஞ்சுகிற 12,000-ல் 10,000 போய்விட்டால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவோ ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸோ வந்தால் கார்டைத்தான் தேய்ப்பீர்கள், அதில் பாக்கி வைத்தால் வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும்.

எஃப்டி உங்கள் மூன்றரை மாதச் செலவுக்குத்தான் வரும், ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டிய பணம் அது, அதன் பக்கமே போகாதீர்கள். சீட்டும் அப்படித்தான். இப்போது 25,000 தள்ளிக் கேட்டு எடுத்தால் கைக்கு வருவது 75,000, ஹோம் தியேட்டருக்கு 25,000 கூடுதல் விலை கொடுத்த மாதிரி. வீடு கட்டும்போது எடுங்கள், மரவேலைக்கும் டைல்ஸுக்கும் ஆகும்.

இனி எப்படி வாங்குவது என்று பார்ப்போம். ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கர்களும் கொண்ட செட்டில் ஒரு பெரிய வசதி, மொத்தமாக வாங்க வேண்டிய கட்டாயமே கிடையாது, வங்கியே இல்லாமல் நீங்களாகவே தவணை போட்டுக்கொள்ளலாம். சேல்ஸ்மேன் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு இந்த மாத டார்கெட்.

போனஸ் 45,000-ல் முப்பதாயிரத்தைச் சுற்றி ஒரு ஆரம்ப நிலை 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரும், பேஸ் என்கிற கனத்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் இணைக்கலாம்), மீதியில் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ரிசீவர் செட்டிங்கில் சென்டர் (வசனத்துக்காக நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்) இல்லை, சப்வூஃபர் இல்லை என்று கொடுத்துவிட்டால் வசனமும் பேஸும் இந்த இரண்டு ஸ்பீக்கருக்கே வந்துவிடும், நடுவில் உட்கார்ந்து பார்த்தால் ஹீரோ டிவிக்குள்ளிருந்தே பேசுவது மாதிரி இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்து அதே கம்பெனி, அதே சீரிஸில் சென்டர் ஸ்பீக்கர், ஒன்பது பத்தாயிரம் ஆகலாம். சீரிஸ் மாறினால் குரல் இடமிருந்து வலம் போகும்போது ஆள் மாறிப் பேசுவது போல இருக்கும், அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டு. சப்வூஃபரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பேஸ் தளத்தின் வழியே கீழே இறங்கும், ஹவுஸ் ஓனர் மேலே ஏறி வருவார். மொத்தம் 80,000 பக்கம் வரும், மிஞ்சும் பணத்தில் மாதம் ஆறாயிரம் எடுத்து வைத்தால் போதும், கடன் பூஜ்யம்.

கொட்டேஷனில் இருக்கும் 7.2 அட்மாஸ் ரிசீவர் இந்த ஹாலுக்கு இப்போது வீண். அட்மாஸ் என்ற ஒலி முறைக்குத் தலைக்கு மேலேயிருந்தும் சத்தம் வர வேண்டும், வாடகை வீட்டு சீலிங்கில் துளை போட முடியாது, மேல்நோக்கி அடிக்கிற ஸ்பீக்கருக்குத் தட்டையான சீலிங் வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் அட்மாஸ் கேட்க பிரீமியம் பிளான் எடுக்க வேண்டும் என்பதையும் யாரும் பில்லில் எழுத மாட்டார்கள்.

உங்கள் மனைவி சொல்வதும் தப்பில்லை. வீடு கட்டும் யோசனை தள்ளிப்போய், ஒரு வருடத்தில் வீடு மாறப் போகிறீர்கள் என்றால், பின்பக்க ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்த 5.1 சவுண்ட்பார் செட் இருபதாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது, அதையே எடுங்கள். டிவியின் சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும், எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய சாக்கெட் டிவியில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பவரை ஆர்எம்எஸ் வாட்ஸில் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) கேளுங்கள், பிஎம்பிஓ (நொடிநேர உச்சத்தை வைத்து ஊதிப் பெருக்கிய கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கடையையே மறந்துவிடுங்கள்.

டெமோ கேட்கும்போது அவர்கள் போடும் ஹெலிகாப்டர் காட்சி வேண்டாம். டெமோ ரூமில் கார்பெட், சுவரில் பஞ்சு, எது போட்டாலும் பிரமாதமாகத்தான் கேட்கும். நீங்கள் நூறு தடவை கேட்ட ஒரு பாட்டையும் இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சி ஒன்றையும் குறைந்த சத்தத்தில் போடச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை தூங்கியபின் நீங்கள் பார்க்கப்போவது அந்தச் சத்தத்தில்தான்.

புது வீட்டுக்கு வயரிங் ஓடும்போது, டிவி வரும் சுவரிலிருந்து பின்சுவரின் இரண்டு மூலைக்கும் ஒரு இன்ச் பிவிசி பைப் காலியாகப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஆகும் செலவு சில நூறு ரூபாய், பூசி முடித்த பிறகு சுவரை உடைத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். அட்மாஸ் ஆசை இருந்தால் சென்ட்ரிங் போடும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சீலிங்குக்கும் இரண்டு பாயிண்ட் விட்டுவிடுங்கள்.