அரை நாள் பள்ளியும் லண்டன் சுற்றுலாவும்

கேள்வி: என் அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக லண்டனுக்கு வருகிறார்கள். செப்டம்பர் முதல் வாரம் வந்து மூன்று வாரம் எங்களுடன் தங்குவார்கள். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்; அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் சனி, ஞாயிறுகளில் நாளுக்கு ஐந்து இடம் என்று பட்டியல் போட்டு இணைத்திருக்கிறேன். மகன் இந்தச் செப்டம்பரில்தான் ரிசப்ஷன் வகுப்பில் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேருகிறான். முதல் இரண்டு வாரம் அவனுக்கு அரை நாள்தான் பள்ளி என்பதால், அவர்கள் அப்போது வருவது எங்களுக்கும் வசதியாகிவிட்டது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் லண்டனில் இன்னும் எதையெல்லாம் காட்டலாம்?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: பட்டியலுக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த அரை நாள் பள்ளியைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடமிருந்து இப்படிப்பட்ட கடிதங்கள் ஆண்டு முழுவதும் எனக்கு வருகின்றன. கேள்வி ஊர் சுற்றிக் காட்டுவதைப் பற்றி இருக்கும். பயணத்துக்கான காரணமோ கடிதத்தின் ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். லண்டனில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. அப்போது அழைக்கத் தோன்றாத பெற்றோரைச் செப்டம்பரில் அழைத்திருக்கிறீர்கள் என்றால், அந்தத் தேதியைக் குறித்தது உங்கள் மகனின் பள்ளிக்கூடம்.

பேரனைப் பார்த்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. அதைத் தாத்தா பாட்டியின் உரிமை என்றே நான் கருதுகிறேன். ஆனால், 'பிள்ளையை அழைத்து வர ஆளில்லை, இரண்டு வாரம் வந்து உதவுங்கள் அப்பா' என்று வாய்விட்டுக் கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஊரில் உறவினர்களிடமெல்லாம் 'மகள் லண்டனைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டிருக்கிறாள்' என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறவர், வந்த மூன்றாம் நாள் நண்பகலில், பழக்கமில்லாத தெருவில், பள்ளி வாசலில் நின்றுகொண்டு, பிள்ளையை அழைத்துப் போகிறவராகத் தன் பெயர் அந்தப் பள்ளியில் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் விழிக்க வேண்டுமா? பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கொடுத்த கையோடு உங்கள் இருவருக்கும் இரவுச் சமையலையும் அம்மா தானாகவே தொடங்கிவிடுவார். நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள், அவர் கேட்கமாட்டார், நீங்களும் அத்துடன் விட்டுவிடுவீர்கள். ஐந்து நாள் இப்படி உழைத்த மூட்டுகளைத்தான் சனிக்கிழமை காலையில் ஐந்து இடங்களுக்கு இழுத்துக்கொண்டு போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். பெற்றவர்களிடம் உதவி கேட்கக் கூச்சப்பட்டு, வாங்கப்போகிற உதவிக்குச் சுற்றுலா என்று பெயர் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்றே தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்து விடுப்பு. பிரிட்டனில் வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு, அரசு விடுமுறைகளையும் சேர்த்து, ஆண்டுக்குக் குறைந்தது 28 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி உண்டு. அதில் நீங்கள் மூன்று நாளும் உங்கள் கணவர் மூன்று நாளும் எடுக்க முடியாது என்றால் நான் நம்பமாட்டேன். அலுவலகம் முடிந்து வந்து மாலையில் அழைத்துப் போகலாம் என்ற கணக்கும் உதவாது. செப்டம்பர் தொடக்கத்தில் ஏழேமுக்கால் மணிக்கு மறைகிற சூரியன், அவர்கள் ஊர் திரும்பும் வாரத்தில் ஏழு மணிக்கே மறைந்துவிடும்.

இனிப் பட்டியல். நாளுக்கு ஐந்து இடங்களில் நான்கை அடித்துவிடுங்கள். கிரீனிச் வானாய்வகத்துக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது அரை மணி நேரம்! வாழ்நாளெல்லாம் நிலத்தை அளந்த மனிதரை, உலகத்தின் தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் கோட்டின் மேல் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவீர்களா? 1884-இல் நடந்த சர்வதேச மாநாடு முதன்மைக் கோடாக ஏற்றுக்கொண்டது, அங்கே ஏரி என்ற வானியலாளர் நிறுவிய தொலைநோக்கியின் வழியே செல்லும் கோட்டைத்தான். அந்தக் கருவி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. கைபேசியின் ஜி.பி.எஸ். சுழியம் காட்டும் இடமோ அதிலிருந்து சுமார் 100 மீட்டர் கிழக்கே தள்ளியிருக்கும். ஏன் என்று அப்பாவிடம் கேளுங்கள். அரை நாள் அங்கேயே போய்விடும், போகட்டும். வானாய்வகம் இருக்கும் பூங்காவின் அடிவார வாசல் வழியாகப் போனால் செங்குத்தான மேடு ஏற வேண்டும். மேட்டின் உச்சியை ஒட்டிய பிளாக்ஹீத் பக்கம் பேருந்தில் போய் இறங்கினால் அம்மாவும் சமதளத்திலேயே நடந்து வந்துவிடலாம்.

பாதாள ரயிலை அம்மாவுக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். படியேறாமல் போய்வரக்கூடிய நிலையங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எலிசபெத் ரயில் தடத்தின் நிலையங்கள் அனைத்திலும் அந்த வசதி உண்டு. நகரப் பேருந்துகள் எல்லாமே தாழ்தளம். மாடிப் பேருந்தின் மேல்தளம் அப்பாவுக்கும் பேரனுக்கும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போங்கள். அன்று இரவு எட்டரை வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணமும் கிடையாது. அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் 33ஏ கூடத்திலும், சோழர் கால நடராசர் அதை ஒட்டிய 33-ஆம் கூடத்திலும் இருக்கின்றன. அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மம்மிகளைப் பேரன் பிறகு பார்த்துக்கொள்வான்.

சிவந்த இலைகளைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு அக்டோபர் பிற்பகுதி வர வேண்டும். செப்டம்பர் இறுதியை நெருங்கும்போது ரிச்மண்ட் பூங்காவில் மான்களின் இணைசேரும் பருவம் தொடங்கும். கலைமான்கள் அடித்தொண்டையில் கர்ஜிப்பதையும் கொம்போடு கொம்பு மோதுவதையும் விடியற்காலையில் போனால் பார்க்கலாம். 50 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், பேரனின் கையை விடக் கூடாது.

செப்டம்பரில்தான் ஓபன் ஹவுஸ் திருவிழாவும் வருகிறது. 1992-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், வழக்கமாகப் பொதுமக்கள் நுழைய முடியாத கட்டடங்கள் பலவற்றை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு முன்பதிவு தேவை. வார நாள் ஒன்றில் கிடைக்கும் கட்டடமாகப் பார்த்து, அப்பா, அம்மா பெயர்களோடு உங்கள் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அன்று விடுப்பு எடுத்துப் பையனைப் பார்த்துக்கொள்வது உங்கள் கணவரின் பொறுப்பு.