எங்கள் பெயரில் வந்த மின்னஞ்சலை நம்பி வாடிக்கையாளர் வேறு கணக்கில் பணம் கட்டிவிட்டார்: பாக்கியைக் கேட்க முடியுமா?

கேள்வி: பினாங்கு, பிறையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு சிறிய சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்தை நடத்தி வருகிறேன். ஈப்போவிலுள்ள பழைய வாடிக்கையாளர் ஒருவர் எங்களுக்கு 86,400 ரிங்கிட் தர வேண்டியிருந்தது. ‘எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் புதிய கணக்கில் செலுத்தவும்’ என்று எங்கள் கணக்குப் பிரிவு ஊழியர் பெயரில் வந்த மின்னஞ்சலை நம்பி, அவர் முழுத் தொகையையும் யாரோ ஒருவரின் கணக்கில் செலுத்திவிட்டார். இரண்டு வாரம் கழித்து நாங்கள் பாக்கியைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. ‘உங்கள் பெயரில் வந்ததால் கட்டினேன், மறுபடியும் கட்ட முடியாது’ என்கிறார். பணத்தை அவரிடம் கேட்க முடியுமா? அந்த ஊழியரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா? இனிமேல் இப்படி நடக்காமல் தடுப்பது எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை; வழக்கின் போக்கையே அதுதான் முடிவு செய்யும். அந்த மின்னஞ்சல் உங்கள் ஊழியரின் உண்மையான அஞ்சல் பெட்டியிலிருந்து போனதா, அல்லது உங்கள் முகவரியைப் போலத் தோன்றும் வேறொரு முகவரியிலிருந்து போனதா?

பொது விதி உங்களுக்குச் சாதகமானது. கடன் கொடுத்தவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ செலுத்தினால்தான் கடன் தீரும். மூன்றாம் நபரிடம் நல்லெண்ணத்தோடு செலுத்தியிருந்தாலும் அது கடனைத் தீர்க்காது. ஆகவே, உங்கள் டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) உள்ள ‘எம்’ (m) எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் (rn) ஒட்டி எழுதிய ஒரு முகவரியிலிருந்து அது வந்திருந்தால், அந்தச் செய்தியை நீங்கள் சொன்னதாகக் கருத இடமில்லை. 86,400 ரிங்கிட் இன்னமும் உங்களுக்கு வர வேண்டிய பாக்கிதான். தொகை 100,000 ரிங்கிட்டைத் தாண்டாததால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஒப்பந்தக் கடனுக்கு 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது.

உங்கள் அஞ்சல் பெட்டிக்குள்ளேயே யாரோ புகுந்து அங்கிருந்தே அனுப்பியிருந்தால் நிலைமை அவ்வளவு எளிதாக இருக்காது. உங்கள் நிறுவனமே பேசியதாக நம்பும்படி நீங்கள் இடம் கொடுத்துவிட்டீர்கள் என்றும், கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொண்டிருந்தாலோ இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் விட்டிருந்தாலோ அது உங்கள் கவனக்குறைவு என்றும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். பல ஆண்டுகளாக ஒரே கணக்கில் செலுத்தி வந்தவர் திடீரென்று கணக்கு மாறியபோது தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்காதது அவருடைய கவனக்குறைவு என்பது உங்கள் பதிலாக இருக்கும். இப்படி இரு பக்கமும் குறை இருக்கும் விவகாரத்தில், நீதிமன்றம் வரை போவதைவிட இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் சமரசமே பெரும்பாலும் மலிவானது என்பது என் கருத்து. ஆனால் சமரசப் பேச்சை ‘உரிமைக்குப் பாதகமின்றி’ (அதில் சொல்வதைப் பின்னர் உங்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது என்று பொருள்) என்று தலைப்பிட்ட தனிக் கடிதத்தில்தான் நடத்த வேண்டும். பாக்கியைக் கேட்கும் கோரிக்கைக் கடிதத்தோடு கலக்கக் கூடாது.

எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த ஊழியரின் கணினியைத் துடைத்துச் சுத்தம் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் உதவுவதாக நினைத்து முதலில் செய்யும் வேலை அதுதான். அதோடு சாட்சியமும் போய்விடும். வாடிக்கையாளருக்கு வந்த மின்னஞ்சலின் படமோ அச்சுப் பிரதியோ போதாது. அதன் முழுத் தலைப்புத் தகவலோடு மூலக் கோப்பாகவே சேமித்துத் தரச் சொல்லுங்கள். பதில் போகும் முகவரி எது, எந்தச் சர்வர்கள் வழியாக வந்தது, அனுப்புநர் சரிபார்ப்பில் தேறியதா என்பவை அதில் இருக்கும். உங்கள் பக்கத்தில், ஊழியரின் அஞ்சல் பெட்டியில் தானியங்கி விதி ஏதேனும் புதிதாக அமைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்; ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வரும் கடிதங்களை யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிடும் விதி இருந்தால், ஆள் உள்ளே இருந்திருக்கிறான் என்று பொருள். பின்னர் நீதிமன்றத்தில் இவற்றைத் தாக்கல் செய்ய, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி கணினிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் தேவைப்படலாம்.

பணத்தைத் துரத்துவது முதலில் செலுத்தியவரின் வேலை. அவர் உடனே தம் வங்கியையும் தேசிய மோசடிப் பதில் மையத்தின் 997 எண்ணையும் அழைத்து, போலீஸ் புகாரும் செய்ய வேண்டும். சில மணி நேரத்துக்குள் அழைத்தவர்களுக்குத்தான் இந்த மையம் அதிகம் பயன்படுகிறது; இரண்டு வாரம் கழிந்த பிறகு அந்தக் கணக்கில் பணம் மிச்சமிருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் புகார் வேண்டும். நீங்களும் தனியாக ஒன்று செய்யுங்கள். ஆள்மாறாட்ட ஏமாற்றுக்குத் தண்டனைச் சட்டத்தின் 419ஆவது பிரிவும், ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் 420ஆவது பிரிவும், அஞ்சல் பெட்டிக்குள் புகுந்திருந்தால் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் பொருந்தும். கணக்கை இரவல் கொடுத்த ‘கெல்டாய்’ ஆசாமியையும் 2024இல் சேர்க்கப்பட்ட 424ஏ முதல் 424டி வரையிலான பிரிவுகளின் கீழ் விசாரிக்கலாம்.

சிவில் வழியும் உண்டு. மின்னஞ்சல் மோசடியில் 123,000 யூரோவுக்கு மேல் மலேசிய வங்கிக் கணக்கொன்றுக்கு அனுப்பிவிட்ட ஷிம்மர் அண்ட் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில், நம் உயர் நீதிமன்றம் அடையாளம் தெரியாத நபர்களுக்கு எதிராகவே சொத்து முடக்க ஆணை பிறப்பித்தது. உங்கள் தொகைக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. வழக்குச் செலவே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

ஊழியரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு எந்தெந்தப் பிடித்தங்கள் செல்லும் என்று வரையறுத்துள்ளது. முதலாளியே கணக்குப் போட்ட இழப்பீடு அதில் இல்லை. அலட்சியம் இருந்ததாகத் தோன்றினால் முறையான உள்விசாரணை நடத்துங்கள். விசாரணையின்றி வேலையை விட்டு நிறுத்தினால், 60 நாளுக்குள் அவர் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம்; பிறகு இரண்டு வழக்குகளை நடத்துவீர்கள்.

இனி தடுப்பு. ‘எங்கள் வங்கிக் கணக்கு மின்னஞ்சல் வழியாக மாற்றப்படாது’ என்று இன்வாய்ஸின் அடியில் அச்சிடுவது நல்ல எச்சரிக்கைதான்; ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் காகிதம் என்பதால், அது ஒப்பந்த நிபந்தனையாக நிற்குமா என்பது வாதத்துக்குரியது. அதே வாசகம் வாடிக்கையாளர் கையெழுத்திடும் கடன் விண்ணப்பப் படிவத்தில் இருக்க வேண்டும். கணக்கு எண்ணை அதில் எழுதி, மாற்றம் என்றால் இயக்குநர் கையொப்பமிட்ட கடிதமும், படிவத்திலுள்ள தொலைபேசி எண்ணை வாடிக்கையாளரே அழைத்து உறுதிசெய்வதும் கட்டாயம் என்றும், அப்படிச் செய்யாமல் செலுத்திய பணம் கடனைத் தீர்க்காது என்றும் சேர்த்துவிட்டால், மேலே சொன்ன வாதங்களில் பாதி எழவே எழாது.

தொழில்நுட்பப் பக்கத்தில், கடிதம் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் உங்கள் டொமைனில் நிறுவச் சொல்லுங்கள். டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே ‘நிராகரி’ என்று வைத்தால், சம்பளச் சீட்டும் இன்வாய்ஸும் அனுப்பும் வெளி மென்பொருள்களின் கடிதங்களும் திரும்பிவிடலாம். முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து அறிக்கைகளைப் பார்த்துச் சரிசெய்த பிறகு கடுமையாக்குவதே முறை. இது உங்கள் டொமைனையே போலியாக இடுவதைத் தடுக்கும். ஒத்த தோற்றமுள்ள டொமைனையோ திருடப்பட்ட அஞ்சல் பெட்டியையோ தடுக்காது. ஒத்த டொமைன் இருந்தால் அதைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்திடமும், இணையப் பாதுகாப்புப் புகார்களை ஏற்கும் சைபர்999 மையத்திடமும் உடனே முறையிடுங்கள்.

ஒருவேளை அஞ்சல் பெட்டிதான் உடைக்கப்பட்டது என்றால், அதில் ஊழியர்களின் மைகார்டு (அடையாள அட்டை) நகல்களோ வாடிக்கையாளர் விவரங்களோ இருந்தனவா என்று பாருங்கள். குறிப்பிடத்தக்க தீங்கு விளையக்கூடிய தரவுக் கசிவை, 2025 ஜூன் 1 முதல், 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் மின்னஞ்சலின் மூலக் கோப்பை இன்றே கேட்டு வாங்கி, உங்கள் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். கோரிக்கைக் கடிதத்தை அதைப் பார்த்த பிறகு எழுதலாம்.