படை அனுப்பும் பட்டியலில் யார் கை?

கேள்வி: அமெரிக்காவில் போர் வியூகம் வகுப்பது தளபதிகள்தானே? பாதுகாப்பு அமைச்சருக்கு அதில் என்ன வேலை?

பதில்: நிறைய வேலை. 1986ஆம் ஆண்டு கோல்ட்வாட்டர்–நிக்கோல்ஸ் சட்டப்படி, உத்தரவு அதிபரிடமிருந்து அமைச்சருக்கும், அவரிடமிருந்து களத் தளபதிக்கும் போகும். முப்படைக் கூட்டுக்குழுத் தலைவர் ஆலோசகர் மட்டுமே. படையை நகர்த்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

அமைச்சரின் பிடி இறுகும் இடம் படை அனுப்பும் பட்டியல். எந்தப் பிரிவு எந்த நாளில் கப்பல் ஏறும், அதற்கு முன்பே துறைமுகத்தில் யார் போய் இறங்கியிருக்க வேண்டும் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் கணக்கு அது. ஒரு வரியை உருவினால் பத்து வரி குலையும். 2003 இராக் போருக்கு முன், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் ஒப்புதல் தந்தார். போக்குவரத்து, ராணுவ போலீஸ் போன்ற ரிசர்வ் பிரிவுகள் தாமதமாயின.

போருக்குப் பின் இராக்கில் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி பிப்ரவரியில் செனட் குழுவிடம் சொன்னார். ரம்ஸ்ஃபெல்ட் ஏற்கவில்லை. ஏப்ரல் 9இல் பாக்தாத் விழுந்தது; சிறிய படையே வேகமாக வெல்லும் என்ற அவர் கணக்கு சரிதான். ஆனால் ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் போட ஆளில்லை. அங்கே கொள்ளைபோன பீரங்கிக் குண்டுகள் பிறகு சாலையோரக் கண்ணிகளாக வெடித்தன.